கறுப்பின மக்களின் பிப்ரவரி: பொன்னாடை போதாது, பணியிடம் வேண்டும்

(சென்னையில் தகவல் தொழில்நுட்ப ஊழியர்களின் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கறுப்பினப் பாரம்பரியமும் பணியிடத்தில் எல்லோருக்குமான இடமும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். உங்களில் பலர் அமெரிக்க நிறுவனங்களின் சென்னை அலுவலகங்களில் வேலை பார்க்கிறீர்கள். பிப்ரவரி பிறந்தால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதில் மார்ட்டின் லூதர் கிங் படம் இருக்கும், ரோசா பார்க்ஸ் படம் இருக்கும். கீழே ஒரு வினாடி வினா. சரியாகப் பதில் சொன்னால் ஒரு காபிக் கோப்பை பரிசு. மார்ச் பிறந்தால் படம் மாறிவிடும்.

இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. அந்த மாதம் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் நாம் கேலியும் செய்யமாட்டோம், காபிக் கோப்பையோடு திருப்தியும் அடையமாட்டோம்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாரம்பரியம் என்று இன்று கொண்டாடப்படுவதில் பெரும்பகுதி வேலை செய்யும் இடத்தில் உருவானது. வேலைக்காக, கூலிக்காக, பதவி உயர்வுக்காக, வேலையிடத்தில் மனிதராக நடத்தப்படுவதற்காக அவர்கள் போட்ட சண்டையில் உருவானது. அந்தச் சண்டையை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் மாட்டினால் என்ன ஆகும்? ஒருவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கைதட்டி, உட்கார நாற்காலி தராமல் வீட்டுக்கு அனுப்புவது போல ஆகும். பொன்னாடைக்குச் செலவு குறைவு. நாற்காலிக்குத்தான் செலவு அதிகம்.

சுரங்கத்தில் வாசித்த நாளிதழ்

இந்த மாதத்தின் கதை ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்குகிறது. கார்ட்டர் வுட்சன் 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். குடும்பத்தின் வறுமையால் இளம் வயதிலேயே மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களில் வேலைக்குப் போனார்.

அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்ற மூத்த கறுப்பினத் தொழிலாளி இருந்தார். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் புத்தகங்களும் நாளிதழ்களும் வாங்கி வைத்திருந்தார். வேலை முடிந்த தொழிலாளர்கள் மாலையில் அவர் வீட்டில் கூடுவார்கள். படிக்கத் தெரிந்த வுட்சன் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள், விவாதிப்பார்கள், போர்க்களத்தில் தாங்கள் கண்டதைச் சொல்வார்கள். நம் ஊர்ப் படிப்பகங்களிலும் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ஒருவர் பத்திரிகை படிக்கப் பத்துப் பேர் கேட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வுட்சன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வயது 20. பிறகு 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். டுபாய்சுக்கு அடுத்து அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பினத்தவர் அவர். அன்றைய பாடப் புத்தகங்கள் கறுப்பின மக்களுக்கு வரலாறே இல்லை என்பது போல எழுதப்பட்டிருந்தன. சுரங்க வீட்டில் கேட்ட வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்காக 1915இல் ஒரு வரலாற்று ஆய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். 1926 பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று வாரத்தை அறிவித்தார். லிங்கன் பிறந்த நாள் பிப்ரவரி 12. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்து அடிமை முறைக்கு எதிராகப் போராடிய பிரடெரிக் டக்ளஸின் பிறந்த நாளாக மக்கள் கொண்டாடியது பிப்ரவரி 14. இரண்டு நாள்களையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்ததால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தார். 50 ஆண்டுகள் கழித்து, 1976இல், அந்த வாரம் மாதமானது.

வுட்சன் ஏன் இவ்வளவு பாடுபட்டார்? ஒரு மக்களுக்கு வரலாறு இல்லை என்று சொல்லிவிட்டால், அவர்கள் கைவேலைக்கு மட்டும் லாயக்கு என்று சொல்வது எளிது. அறிவு வேலைக்கு ஒரு கூட்டம், உடல் வேலைக்கு ஒரு கூட்டம் என்று பிறப்பிலேயே பிரித்துவைத்த நாட்டிலிருந்து வரும் நமக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. புலே 1873இல் 'குலாம்கிரி' என்ற நூலை எழுதியபோது, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். இந்த உறவுக்கு 150 வயது ஆகிவிட்டது.

எல்லோரும் 'ஜார்ஜ்'

அடுத்து ரயில் வண்டிக்கு வருவோம். உள்நாட்டுப் போர் முடிந்ததும் ஜார்ஜ் புல்மன் என்ற முதலாளி, படுக்கை வசதி கொண்ட சொகுசு ரயில் பெட்டிகளை ஓட்டினார். அந்தப் பெட்டிகளில் படுக்கை விரிக்க, பெட்டி தூக்க, பயணிகளின் காலணிகளுக்குப் பாலிஷ் போட, விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்தார். பயணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள். அடிமையை எசமானின் பெயரால் அழைக்கும் பழைய வழக்கம் அது. 60 வயதுக்காரரும் 'ஜார்ஜ்'தான். நம் ஊரில் வயதில் மூத்த தலித் தொழிலாளியைச் சிறு பையன் 'வாடா போடா' என்று கூப்பிட்டானே, அதே மனநிலை.

மாதத்துக்கு ஏறக்குறைய 400 மணி நேரம் வேலை. கூலி சொற்பம், டிப்ஸை நம்பித்தான் வயிறு. பாலிஷ் டப்பாகூடத் தங்கள் காசில்தான் வாங்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. 1920களில் அமெரிக்காவிலேயே மிக அதிகமான கறுப்பின மக்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் புல்மன்தான். இன்றைய கணக்குப்படி தலையை மட்டும் எண்ணினால், பன்மைத்துவத்துக்கான முதல் பரிசை அந்த நிறுவனத்துக்கே கொடுக்க வேண்டும். ஆனால் அதே ரயிலில் கண்டக்டர் பதவி வெள்ளையருக்கு மட்டும். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முதல் கேள்விதான். எந்த வேலையில் இருக்கிறார்கள், அங்கிருந்து மேலே போக வழி உண்டா என்பவை அடுத்த இரண்டு கேள்விகள். அவற்றைக் கேட்காமல் விட்டால் புல்மன்கள் பரிசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

1925 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் இந்தப் போர்ட்டர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். தலைவராக ஃபிலிப் ராண்டால்ஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் போர்ட்டர் அல்ல, பத்திரிகையாளர். நிறுவனத்தால் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது என்பது அந்தத் தேர்வுக்கு முக்கியமான காரணம். சங்கத்தில் சேர்ந்த போர்ட்டர்களை நிறுவனம் வேவு பார்த்தது, வேலையை விட்டு அனுப்பியது. விடாமல் 12 ஆண்டுகள் போராடினார்கள். 1937 ஆகஸ்ட் 25 அன்று புல்மன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மாத வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது, கூலி உயர்ந்தது.

அவர்கள் சம்பாதித்தது கூலி உயர்வு மட்டுமா? அந்தப் போர்ட்டர்கள்தான் சிகாகோவில் அச்சான கறுப்பினப் பத்திரிகைகளைத் தெற்கு மாநிலங்களுக்கு ரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1955இல் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் கைதானபோது ஜாமீன் எடுக்க ஓடியவர் ஈ.டி. நிக்சன். அவர் ஒரு புல்மன் போர்ட்டர். ரோசா பார்க்ஸ் யார்? ஒரு பெரிய துணிக்கடையில் தையல் வேலை செய்தவர். வேலை முடிந்து பேருந்தில் வீட்டுக்குப் போனபோதுதான் எழுந்து இடம் கொடுக்க மறுத்தார். அடுத்த சில வாரங்களில் அவருக்கு அந்த வேலை போயிற்று. மின்னஞ்சலில் வரும் படத்தில் இந்தச் செய்தி இருக்காது.

ராண்டால்ஃபின் கதை இன்னும் இருக்கிறது. 1941இல் ஆயுதத் தொழிற்சாலைகள் ஆள் எடுத்தன, கறுப்பின மக்களுக்குக் கதவு மூடியிருந்தது. ஜூலை 1 அன்று வாஷிங்டனுக்கு ஒரு லட்சம் பேருடன் வருவோம் என்று ராண்டால்ஃப் அறிவித்தார். அதற்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 25 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் 8802 எண் ஆணையில் கையெழுத்திட்டார். மனம் மாறிக் கொடுத்த ஆணை அல்ல அது. கூட்டம் வரும் என்ற பயத்தில் கொடுத்த ஆணை. 1963இல் கிங் புகழ்பெற்ற உரையை ஆற்றிய பேரணியையும் முன்னின்று நடத்தியவர் ராண்டால்ஃபே. அதன் முழுப் பெயர் 'வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி'. பெயரில் வேலைதான் முதலில் வருகிறது.

இரண்டு பிப்ரவரி 1

பிப்ரவரி 1 என்ற ஒரு தேதியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

1960 பிப்ரவரி 1. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் வுல்வொர்த் என்ற கடை. பொருள்கள் வாங்கலாம், ஆனால் அங்கே உள்ள சாப்பாட்டு மேசையில் கறுப்பின மக்கள் உட்காரக் கூடாது. நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அது தெற்கு முழுவதும் பரவியது. ஜூலை 25 அன்று கடை பணிந்தது. அன்று அந்த மேசையில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பின மக்கள் யார் தெரியுமா? அந்தக் கடையிலேயே வேலை பார்த்த ஊழியர்கள். அதுவரை தாங்கள் உழைத்த அதே மேசையில் அவர்களுக்கு இடமில்லை. சமைத்தால் தீட்டில்லை, சேர்ந்து சாப்பிட்டால் தீட்டு. இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1968 பிப்ரவரி 1. டென்னசியின் மெம்ஃபிஸ் நகரம். அங்கே குப்பை அள்ளும் வேலை கறுப்பின மக்களின் தலையில். அன்று கடும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லாரியின் பின்புறத்துக்குள் ஏறி நின்றார்கள். பழுதான இயந்திரம் திடீரென இயங்கி இருவரையும் நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்கள் கையில் ஏந்திய அட்டையில் 'நான் ஒரு மனிதன்' என்ற பொருள்படும் ஒரு வரிதான் இருந்தது. கூலி கேட்ட போராட்டத்தில் ஏன் அந்த வாசகம்? மனிதன் என்று ஒப்புக்கொள்ளாதவனிடம் கூலி கேட்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகத்தான் கிங் மெம்ஃபிஸ் வந்தார். ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று சங்கத்தை ஏற்று, கூலி உயர்வும் தந்து நகராட்சி ஒப்பந்தம் போட்டது. உங்கள் அலுவலக அழைப்பிதழில் சிரிக்கும் கிங், துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வந்த இடத்தில் உயிரை விட்டவர். கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும், அந்தச் சாவுச் செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

'தகுதி' என்ற பூட்டு

1964 ஜூலை 2 அன்று குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அதன் ஏழாம் பகுதி, வேலையில் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது சரியாக ஓராண்டு கழித்து, 1965 ஜூலை 2 அன்று.

வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின் நிலையம். மொத்தம் 95 ஊழியர்கள், அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு 'உடலுழைப்பு'ப் பிரிவில் மட்டும்தான் வேலை. அந்தப் பிரிவின் மிக உயர்ந்த கூலி, மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த கூலியைவிடக் குறைவு. சட்டம் வந்ததும் நிறுவனம் வெளிப்படையான தடையை நீக்கியது. அதே கையோடு புதிய நிபந்தனைகளைப் போட்டது. வேறு பிரிவுக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றது. சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், 1965 ஜூலை 2 அன்று, நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு தகுதித் தேர்வுகளிலும் தேற வேண்டும் என்றது. பழைய பூட்டுக்குப் பதில் புதிய பூட்டு.

இதில் கறுப்பு, வெள்ளை என்ற சொல்லே இல்லை, எல்லோருக்கும் ஒரே விதிதானே என்று நிறுவனம் வாதாடியது. 13 கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. கிரிக்ஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். ஒரு தேர்வு ஒரு இனத்தாரை வெளியே தள்ளுகிறது என்றால், அந்தத் தேர்வு அந்த வேலைக்கு உண்மையில் தேவை என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். கெட்ட எண்ணம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது என்பது தீர்ப்பின் சாரம். முன்பே வேலையில் சேர்ந்த வெள்ளையர் பலர் அந்தச் சான்றிதழ் இல்லாமலே நன்றாக வேலை செய்து பதவி உயர்வும் பெற்றிருந்ததை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. கறுப்பினக் குழந்தைகள் தரம் குறைந்த தனிப் பள்ளிகளில் ஒதுக்கப்பட்டிருந்ததையும் சொன்னது.

தகுதி, திறமை என்ற பேச்சை நூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் தமிழ்நாட்டில் கிரிக்ஸ் வழக்கு பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டும்.

பெயரைச் சொல்லாமல் ஒதுக்குவதற்கு இன்னோர் உதாரணம். 1935இல் தொழிற்சங்க உரிமைச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் அவற்றிலிருந்து விலக்கினார்கள். தெற்கில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர், குறிப்பாகப் பெண்கள், அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சிறு வயதிலிருந்தே வீட்டு வேலை செய்த டோரதி போல்டன் 1968இல் அட்லாண்டாவில் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கம் அமைத்தார். உறுப்பினராக வேண்டும் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2004இல் வெளியான ஓர் ஆய்வு. மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன், சிகாகோ நகர நிறுவனங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகள் ஒரே மாதிரி, பெயர்கள் மட்டும் வேறு. வெள்ளையர் பெயர் இருந்தால் 10 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயர் இருந்தால் 15 விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு. இதே முறையில் இந்தியாவில் தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பி, 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயர் கொண்டவர்களைவிடத் தலித் பெயர் கொண்டவர்களுக்கு அழைப்பு குறைவு, முஸ்லிம் பெயர் கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு.

பெயர் மட்டுமல்ல, தலைமுடியும் தடையாகிறது. தன் முடியை இயற்கையாக, சடை சடையாக வைத்திருந்ததற்காக ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கொடுத்த வேலையைத் திரும்பப் பெற்றது தவறில்லை என்று அலபாமா வழக்கு ஒன்றில் 2016இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகுதான் 2019இல் கலிபோர்னியா, முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

நாம் எந்தப் பக்கம்?

இந்த வரலாற்றில் இந்தியர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அது பெருமைப்படும்படி மட்டும் இல்லை.

1923 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பகத்சிங் திந்த் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அன்று வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழிவந்தவர்களுக்கும் மட்டுமே குடியுரிமை பெற வழி இருந்தது. அமிர்தசரஸ் பகுதியில் பிறந்த திந்த், தான் உயர்சாதி இந்து, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையர் என்று வாதாடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. கறுப்பின மக்களோடு சேர்ந்து அந்தச் சுவரை இடிப்போம் என்ற எண்ணத்துக்கு அந்த வாதத்தில் இடமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தனக்கு ஓர் இடம் கொடு என்பதுதான் கோரிக்கை. சாதி அதற்குச் சான்றிதழாக நீட்டப்பட்டது.

1946 முதல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று ஒதுக்கினார்கள். 1965இல் வந்த குடியேற்றச் சட்டம் நாடுவாரி இன ஒதுக்கீட்டை ஒழித்தது. கறுப்பின மக்கள் அடி வாங்கி, சிறை போய், உயிர் கொடுத்து உருவாக்கிய குடிமை உரிமை அலையில் வந்த சட்டம் அது. அந்தக் கதவு வழியாகத்தான் நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் போனார்கள். அங்கே பாகுபாடு நேர்ந்தால் இந்தியர் புகார் கொடுப்பதும் 1964 சட்டத்தின் கீழ்தான். கறுப்பின மக்கள் கட்டிய வீட்டில் நாம் குடியிருக்கிறோம்.

குடியிருந்த இடத்துக்குச் சாதியையும் கொண்டுபோனார்கள். அங்கே சாதியை முகத்தில் பார்க்க முடியாது. அதனால் எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, சைவமா அசைவமா என்று விசாரித்துக் கண்டுபிடிக்கிறார்கள். 2020இல் கலிபோர்னியா மாநில அரசு, தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகச் சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. தனிப்பட்ட இரு பொறியாளர்கள் மீதான வழக்கை 2023இல் அரசு திரும்பப் பெற்றது. ஆனால் அந்த வழக்குக்குப் பிறகு அமெரிக்க நிறுவனங்கள் சாதி என்ற சொல்லைத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். அந்த மசோதாவை எதிர்த்து முன்னணியில் நின்றவர்களில் இந்து அமைப்புகள் இருந்தன. கறுப்பின மக்கள் போட்ட சட்டம் தனக்குப் பாதுகாப்பாக வேண்டும், தன் பக்கத்து மேசைத் தலித்துக்கு மட்டும் வேண்டாம் என்றால், அவர்கள் பிப்ரவரியில் யாருடைய பாரம்பரியத்தைக் கொண்டாடுகிறார்கள்?

நிறமும் சாதியும் ஒன்றல்ல என்று சிலர் சொல்வார்கள். ஒன்றல்லதான். சாதிக்கு அகமணம் உண்டு, தீட்டு உண்டு, சாத்திர ஒப்புதல் உண்டு. ஆனால் இன்னார் பிள்ளைக்கு இன்ன வேலை என்று பிறப்பை வைத்து முடிவு செய்வதில் இரண்டும் ஒன்றுதான். அதை உடைக்கும் கருவிகளையும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கலாம். அம்பேத்கர் 1946இல் டுபாய்சுக்குக் கடிதம் எழுதியது கற்றுக்கொள்ளத்தான்.

மின்னஞ்சல் வந்தால் என்ன செய்வது?

2020 மே மாதம் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டைக் காவலர் கழுத்தில் முட்டியிட்டுக் கொன்ற பிறகு, பெரிய நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாக்குறுதி கொடுத்தன. 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப், 1965இல் ஜான்சன் பிறப்பித்த 11246 எண் ஆணையை ரத்து செய்தார். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் பாகுபாடு காட்டக் கூடாது, ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்க்க முனைப்பாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஏறத்தாழ 60 ஆண்டுகள் வலியுறுத்திவந்த ஆணை அது. வாக்குறுதி கொடுத்த பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் பின்வாங்கின. அறிக்கையில் கொடுத்ததை அறிக்கையிலேயே எடுத்துவிடலாம். அதிபரின் கையெழுத்தில் வந்தது இன்னோர் அதிபரின் கையெழுத்தில் போனது. நாடாளுமன்றம் போட்ட 1964 சட்டம் இன்னும் நிற்கிறது. நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

ஆகவே அடுத்த பிப்ரவரியில் மின்னஞ்சல் வந்தால் போய்க் கலந்துகொள்ளுங்கள். வுட்சனையும் ராண்டால்ஃபையும் மெம்ஃபிஸ் தொழிலாளர்களையும் பற்றி நீங்களே பேசுங்கள். பேசிவிட்டுச் சில கேள்விகளையும் கேளுங்கள்.

ஒன்று, புல்மன் கேள்வி. எந்தப் படியில் யார் இருக்கிறார்கள்? மேலாளர் பதவிகளில் யார்?

இரண்டு, கிரிக்ஸ் கேள்வி. வேலைக்கு ஆள் எடுக்கும் நிபந்தனைகள் வேலைக்கு உண்மையில் தேவையா? இன்ன கல்லூரி, இன்ன ஆங்கில உச்சரிப்பு எதற்கு? தெரிந்தவரைச் சேர்த்துவிட்டால் ஊக்கத்தொகை என்று ரெஃபரல் வழியாக ஆள் எடுக்கிறீர்களே, ஒரு சாதிக்காரருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதியில் இருப்பார்கள்?

மூன்று, மெம்ஃபிஸ் கேள்வி. கழிவறை கழுவும் அக்காவும், வாசலில் நிற்கும் காவலரும், கேண்டீன் தம்பியும் இந்தப் பன்மைத்துவத்தில் சேர்த்தியா? அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆள்கள் என்று சொல்லிக் கணக்கிலிருந்து நீக்குவது 1935 சட்டத்தின் தந்திரம்தான்.

நான்கு, நம் கேள்வி. நிறுவனத்தின் நடத்தை விதிகளில் இனம், பாலினம் என்ற பட்டியலில் சாதி இருக்கிறதா? ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் விதிகளில் அதைச் சேர்த்தது. மற்றவர்களுக்கு என்ன தடை? புகார் கொடுத்தவருக்கு வேலை போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்தக் கேள்விகளைத் தனி ஆளாகக் கேட்டால் எச்.ஆர். அழைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடும். சேர்ந்து கேளுங்கள். இன்று நிறுவனங்கள் நடத்தும் ஊழியர் குழுக்களின் தொடக்கம் எது? ஜெராக்ஸ் நிறுவனத்தில் கறுப்பின ஊழியர்கள் 1970இல் தாங்களே கூடி அமைத்த குழுதான்.  இந்தியாவில் அரசமைப்புச் சட்டம் தந்த இடஒதுக்கீடு அரசுப் பணிகளோடு நிற்கிறது. வேலைகள் தனியாருக்குப் போய்விட்டன. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையை உங்களைப் போன்ற தனியார் துறை ஊழியர்களே உரக்கச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லச் சங்கம் வேண்டும்.

ஆலிவர் ஜோன்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் வீட்டுத் திண்ணையை மற்றவர்களுக்குத் திறந்துவைத்தார். அந்தத் திண்ணையிலிருந்து ஒரு மாதம் பிறந்தது. நமக்குப் படிக்கத் தெரியும், கணினி இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது. மாதா மாதம் இப்படிக் கூடுவோம். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் ஒருவரையும் அழைத்து வாருங்கள். அவர் பேசட்டும், நாம் கேட்போம்.